டூப்ளிகேட் லீவர்: கைக்குப் பொருந்துகிறது, பிரேக்குக்குப் பொருந்தவில்லை

2023க்கு முந்தைய ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருப்பவர்களில் சிறிய கைக்காரர்கள் முதலில் குறை சொல்வது லீவரைப் பற்றித்தான். கிளட்ச், பிரேக் இரண்டும் கைப்பிடியிலிருந்து தள்ளியே நிற்கும். அந்தத் தூரத்தைக் குறைக்க வழியில்லை. 202 கிலோ வண்டியை நெரிசலில் உருட்டிக்கொண்டு, விரல் நுனியால் கிளட்சை எட்டிப் பிடித்துப் பிடித்து விட்டால் மணிக்கட்டு வலிக்கும். 2023இல் கம்பெனியே தூரத்தைத் திருகி மாற்றும் லீவரைக் கொடுத்துவிட்டது. பழைய வண்டிக்காரர்களில் பலர் இன்றும் வெளிக்கடையைத்தான் தேடிப் போகிறார்கள்.

சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று அசல்: பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் குட்டை லீவர். விலை பலருக்கு எட்டாது. இன்னொன்று அதன் நகல்: அதே வளைவு, அதே துளைகள், ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட அதே சிறு சக்கரம். பெயர் மட்டும் வேறு, விலையும் ஆயிரத்துச் சொச்சம்தான். "அண்ணே, ரெண்டும் ஒண்ணுதான், பேருக்குத்தான் காசு" என்றார் கடைக்காரர். அது உண்மையா என்று பார்க்க இரண்டையும் ஒரே வண்டியில் மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டினேன்.

கையில் எடுத்துப் பார்த்தால் நகல் ஏமாற்றாது. கறுப்புப் பூச்சு சுத்தம், விளிம்புகள் கையை அறுக்கவில்லை. பூட்டி உட்கார்ந்ததும் விரல்கள் வசதியாக வந்து உட்கார்ந்தன. வாங்குகிறவர் கடைவாசலில் சோதிப்பது இவ்வளவுதான். அதில் நகல் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது.

வேறுபாடு ஓட்டும்போதுதான் தெரிந்தது. அசல் லீவரில் எண் சக்கரம் ஒவ்வொரு பல்லிலும் 'டக்'கென்று உட்காரும். நகலில் அந்தப் பிடிப்பு தளர்வு. மேடுபள்ளச் சாலையில் மூன்றில் வைத்தது தானாக நான்குக்குப் போயிருந்தது. அச்சு போல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டிய புஷ் இல்லாததால் லீவர் மேலும் கீழும் ஆடியது. விழுந்தால் உடையாமல் மேல்நோக்கி மடிய, அசலின் நடுவே ஸ்பிரிங் வைத்த ஓர் இணைப்பு உண்டு. நகலில் அதே இடத்தில் ஒரு கோடு மட்டும் வெட்டியிருக்கிறார்கள், மடியாது. போதாக்குறைக்கு, எடை குறைக்கும் துளைகளை அழகுக்காக அச்சுக்குப் பக்கம் வரை நீட்டியிருக்கிறார்கள். லீவரை இழுக்கும்போது வளைக்கும் விசை அதிகம் விழுவது அங்கேதான். அந்த இடத்தில் உலோகத்தைக் குறைத்தால் விழும்போது நுனிக்குப் பதில் அடியோடு முறியும். நுனி போனால் மிச்சத்தைப் பிடித்து வீடு வந்து சேரலாம். அடியோடு போனால் பிடிக்க ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இன்டர்செப்டரின் முன்பிரேக் 320 மி.மீ. டிஸ்க், பிரெம்போ நிறுவனத்தின் பைப்ரே பிராண்டு காலிபர். பிரேக் லீவரின் உள்முனை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை நேரடியாகத் தள்ளுகிறது. கையை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்தாக வேண்டும். அப்போதுதான் மேலே உள்ள ஆயில் கிண்ணத்துக்கும் சிலிண்டருக்கும் இடையிலான ஊசித்துளை திறக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க ஆயில் சூடாகி விரியும். விரிந்த ஆயில் கிண்ணத்துக்குத் திரும்ப அந்தத் துளையை விட்டால் வேறு வழி கிடையாது. லீவரின் உள்முனை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி நீண்டிருந்தாலும் பிஸ்டன் அரைகுறையாக நின்று துளையை அடைத்துக்கொள்ளும். வெளியேற முடியாத ஆயில் பேடுகளை டிஸ்கோடு அழுத்தும். உரசலில் சூடு ஏறும், சூட்டில் ஆயில் இன்னும் விரியும், பிடி இன்னும் இறுகும்.

கிண்டியிலிருந்து தாம்பரம் வரை மாலை நெரிசலில் போய் இறங்கியபோது இதுதான் நடந்தது. நியூட்ரலில் தள்ளினால் முன்சக்கரம் நகர மறுத்தது. டிஸ்க் பக்கம் கருகல் வாடை. லீவரின் அச்சு போல்ட்டைக் கழற்றியதும் சக்கரம் விடுபட்டது. அசல் லீவரைப் பூட்டி அதே சாலையில், அதே நெரிசலில் போனேன்; சிக்கல் இல்லை. நகலின் பெட்டியைப் பார்த்தால் காரணம் புரியும்: பல கம்பெனி வண்டிகளின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே உள்முனையை ஏறக்குறைய அளவில் கடைந்திருக்கிறார்கள்.

நகலெடுத்தவர் வளைவை அளந்தார், துளைகளை எண்ணினார். அந்த வளைவு ஏன் அங்கே முடிகிறது, உள்முனை ஏன் அந்த நீளம் என்று கேட்கவே இல்லை. அசலை வரைந்தவர் அந்தக் கேள்விகளுக்காகவே ஒவ்வொரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும் அளந்திருப்பார், மாதிரி செய்து உடைத்துப் பார்த்திருப்பார், திரும்ப வரைந்திருப்பார். நகலின் விலை குறைந்ததற்குக் காரணம் அந்த உழைப்பை யாருக்கும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டதும், அதில் பாதியைத் தூக்கி எறிந்ததும்தான். எனவே இது வடிவமைத்தவருக்கு இழைத்த அநியாயம் மட்டுமல்ல, ஓட்டுகிறவருக்கும் இழைத்த அநியாயம்.

இப்படிச் சொல்வதால் வெளிச்சந்தைப் பாகங்கள் எல்லாமே திருட்டு என்று ஆகிவிடாது. மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடிவிட்டது. யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. இன்றும் அந்த ஆலையின் எஸ்டியும் யமஹாவின் ஆர்எக்ஸும் சாலையில் ஓடுகின்றன என்றால், கேபிள், பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் என்று அளவு பார்த்துச் செய்து கொடுத்த சிறு பட்டறைகளே காரணம். பழுதுபார்க்கப் பொருந்தும் பாகம் செய்வது உரிமை. அதை நான் மனதார ஆதரிக்கிறேன். லீவர் என்பது எவருடைய தனிச்சொத்தும் அல்ல. இன்னொருவர் வரைந்த தோற்றத்தை அப்படியே எடுத்து அவர் பெயரில் வரும் வாடிக்கையாளரைப் பிடிப்பதும், அவருடைய லோகோவையே ஒட்டி விற்பதும் வேறு விஷயம். பின்னது பச்சை மோசடி.

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டுமே பாதுகாப்புத் தரும், இயங்கும் முறைக்குத் தராது. பதிவு செய்தால் பத்தாண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்தாண்டு. ஆனால் நகலெடுத்தவரிடமிருந்து அந்தச் சட்டப்படி நேரடியாக வசூலிக்கக்கூடிய தொகைக்கு ஒரு வடிவமைப்புக்கு 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. நஷ்டஈடும் தடையுத்தரவும் வேண்டுமானால் வழக்காட வேண்டும். இரட்டை ஸ்பார்க் பிளக் காப்புரிமைக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சண்டை பத்தாண்டுக்கு மேல் இழுத்து 2019இல் சமரசத்தில் முடிந்தது. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க அந்தக் கம்பெனிகளால் முடியும். கோவையில் இரண்டு சி.என்.சி. இயந்திரத்தை வைத்துக்கொண்டு சொந்தமாக வரைந்து விற்கும் பட்டறைக்காரரால் முடியுமா? அவருடைய வடிவம் அடுத்த மாதமே பாதி விலையில் கடைக்கு வந்தால், அவர் அடுத்த முறை வரைய மாட்டார், அவரும் நகலெடுக்கப் போய்விடுவார்.

என் தீர்ப்பு இது. கிளட்ச் பக்கம் கேபிள் என்பதால் நகல் லீவர் ஆபத்தில்லாமல் வேலை செய்கிறது. ஆனாலும் நான் வாங்க மாட்டேன். பிரேக் பக்கம் யாரும் வாங்கக் கூடாது. அசல் கட்டுப்படியாகவில்லை என்றால் கம்பெனி லீவரே போதும், அல்லது தன் பெயரைப் போட்டு, உங்கள் வண்டிக்கென்றே தனியாக அளந்து செய்யும் உள்ளூர்க்காரரைத் தேடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே மூன்றைப் பாருங்கள். லீவரை இழுக்கத் தொடங்கும்போது பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறிது வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். கையை எடுத்ததும் பிரேக் விளக்கு அணைய வேண்டும். நெரிசலில் ஓட்டி வந்த கையோடு மெயின் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைச் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் லீவரைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த பழைய லீவரைப் பூட்டிய பிறகே சாவியைத் திருகுங்கள்.