அச்சத்தைக் கேட்காத பயிற்சி

பி.எட். படிப்பை மறுபடி ஓராண்டாகச் சுருக்கும் பேச்சு வந்ததிலிருந்து, 'தன்னை அறிதல்' தாளுக்காக வாதாடுவோர் கூடியிருக்கிறார்கள். 2014 விதிமுறைகளோடு ஈராண்டுப் படிப்புக்குள் நுழைந்த தாள் அது. 'நான் எப்படிப்பட்ட ஆசிரியராக விரும்புகிறேன்' என்று மாணவ ஆசிரியர்களை எழுதவைப்பதை அவர்கள் பெரிதும் மெச்சுகிறார்கள். வேலைக்குப் போகுமுன் தன் உருவத்தைத் தானே தீட்டிப் பார்ப்பவர் நல்ல ஆசிரியராவார் என்பது அவர்கள் கட்சி.

நியாயம் இல்லாமல் இல்லை. உளவியலாளர்களின் பெயர்களை உருப்போட்டே பட்டம் வாங்கிய காலத்தை நினைத்தால், 'நீ யார்?' என்று கேட்பதே முன்னேற்றம்தான். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பெண்ணுக்கு, வகுப்பின் முன்னால் தன்னை நிறுத்திப் பார்ப்பது துணிச்சலையும் தரும்.

என் மறுப்பு வேறு, பழையதும்கூட. அமெரிக்க உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸும் பவுலா நூரியஸும் 1986இல் இந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தபோது மூன்று பேரைச் சேர்த்தே பேசினார்கள்: நாம் ஆக விரும்பும் ஆள், ஆகக்கூடிய ஆள், ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் ஆள். நம் கல்லூரிகள் முதல் ஆளை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டன.

இந்தத் தாளுக்காக மாணவர் எழுதிய ஒரு ரெக்கார்டைப் புரட்டுங்கள். பழுப்பு அட்டை, ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டிய தலைப்பு, ஒட்டிய அப்துல் கலாம் படம். உள்ளே மெழுகுவர்த்தி, ஏணி, இரண்டாம் தாய். ஓரத்தில் சிவப்பு மையில் சுருக்கொப்பம். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. மதிப்பெண் போடுகிறவரிடமே கொடுக்கப்போகும் தாளில், 'எனக்குச் சட்டென்று கோபம் வரும், அடித்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது' என்று யார் எழுதுவார்?

அந்தப் பயமோ காரணமுள்ள பயம். இந்தத் தொழிலுக்கு வருகிறவர் ஆயிரக்கணக்கான மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்துப் பழகியவர் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இலேயே எழுதிவிட்டார். கடைசிப் பீரியடில் பின்பெஞ்சுப் பையன் எதிர்த்துப் பேசியதும் வாயில் வருவது, எட்டாம் வகுப்பில் தன்னைத் திட்டிய கணக்கு வாத்தியாரின் குரல்: 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு.' கை தானாக ஸ்கேலைத் தேடும். உடல் தண்டனையை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது என்று தேர்வில் பிழையின்றி எழுதிய கை அது. அன்று மாலை ரெக்கார்டில் 'வகுப்பு இனிதே நிறைவுற்றது' என்று எழுதப்போவதும் அதே கைதான்.

அடியைவிடக் கொடியது பாராமுகம். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சாதி வெறி கொண்ட சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதி சொல்லும் நிறக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றைக் கண்டும் காணாமல் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியராக நானும் ஆகிவிடுவேனோ? பயிற்சிக் காலத்தில் கேட்டே தீரவேண்டிய இந்தக் கேள்விக்கு மெழுகுவர்த்திப் பக்கங்களில் இடமே இல்லை.

அச்சத்தை எழுதவைத்தால் தன்னம்பிக்கை குலையும் என்பார்கள். குலையட்டுமே. நாற்பது பிள்ளைகள் முன்னால் குலைவதைவிடப் பயிற்சி வகுப்பில் குலைவது மேல். அங்கே தூக்கிவிட ஆள் உண்டு.

தாளைக் காக்க நினைப்பவர்கள் முதலில் இந்த எழுத்துப் பயிற்சிக்குரிய மதிப்பெண்ணை எடுக்கட்டும். பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி முடிந்து திரும்புகிறவர்களை உட்காரவைத்து, நிதானம் இழந்த ஒரு நாளைப் பற்றிப் பேசவைக்கட்டும். பேராசிரியரே தன் கதையிலிருந்து தொடங்கட்டும். அதற்கு மனமில்லை என்றால், இந்தத் தாள் போவதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.