எத்தனை செய்தார்கள்? அமெரிக்க ரயில்வே பாக்கெட் கடிகாரங்களும் உற்பத்திக் கணக்கும்

பழைய அமெரிக்க ரயில்வே பாக்கெட் கடிகாரங்களுக்கான விலைக் கையேடு எதைப் புரட்டினாலும் ஒரு பட்டியல் கண்ணில் படும். கம்பெனி, கிரேடு, எத்தனை ஜூவல், மொத்தம் எத்தனை செய்தார்கள். முதல் மூன்றும் பின்மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். நான்காவது தெரியாது. ஆனால் விலையைத் தூக்கிவிடுவது அந்த நான்காவதுதான். 'இந்த வகையில் ஆயிரத்துச் சொச்சம்தான் செய்யப்பட்டன' என்று ஒரு வரி இருந்தால் போதும், ஏலத்தில் ஆட்கள் போட்டி போடுவார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கொஞ்ச நாளாக நான் அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலம் கிப்டனில் ஒரு தபால் ரயிலும் ஒரு பயணிகள் ரயிலும் நேருக்கு நேர் மோதின. ஒருவருடைய கடிகாரம் நாலு நிமிஷம் நின்றுபோய்த் திரும்ப ஓடியதுதான் காரணம் என்பது எல்லாக் கையேட்டிலும் வரும் கதை. அதன்பின் கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால், ரயில்வே ஊழியர்களின் கடிகாரங்களைச் சோதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 16 அல்லது 18 சைஸ், மூடியில்லாத முகம், குறைந்தது 17 ஜூவல், ஐந்து நிலைகளில் சரிபார்த்திருக்க வேண்டும், வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக் கூடாது. இதுதான் பொதுவான தரம்.

முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடுகிறது. இந்தத் தரம் ஒரே நாளில் எல்லா ரயில்வேக்கும் சட்டமாகிவிடவில்லை. எந்தக் கிரேடை ஏற்பது என்பதற்கு ஒவ்வொரு ரயில்வேயும் தனிப்பட்டியல் வைத்திருந்தது, அதுவும் காலப்போக்கில் மாறியது. ஆரம்பத்தில் செல்லுபடியான 17 ஜூவல் கடிகாரம் பின்னாளில் பல இடங்களில் போதவில்லை. இன்னொரு பக்கம், டயலில் ரயில் இன்ஜின் படம் போட்ட மலிவுக் கடிகாரங்களும் ஏராளமாக விற்றன. அவற்றை எந்த ரயில்வேயும் ஏற்றிருக்காது. ஆக, 'இத்தனை ரயில்வே கடிகாரங்கள் செய்யப்பட்டன' என்று ஒரு கையேடு மொத்தக் கணக்குச் சொன்னால், எந்த ஆண்டு, எந்த ரயில்வேயின் பட்டியல்படி என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை சீரியல் நம்பரிலிருந்து வருபவை. டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐடிகளில் பெரியது எது என்று கேட்பது வேறு, டேபிளில் எத்தனை வரிசை இருக்கு என்று கேட்பது வேறு. நடுவில் ரத்தான ஐடி இருக்கும், ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்தாத ஐடி இருக்கும். எல்ஜின் கம்பெனியின் வரிசை 1-இல் தொடங்கவே இல்லை. 1867-இல் வந்த முதல் கடிகாரத்தின் எண் 101. அதன் பெயர் பி.டபிள்யூ.ரேமண்ட், கம்பெனித் தலைவரின் பெயர்.

வால்தம் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1954-இல் அவர்களே ஒரு சீரியல் நம்பர் புத்தகம் வெளியிட்டார்கள். சேகரிப்பாளர்கள் அதைச் 'சாம்பல் புத்தகம்' என்பார்கள். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த மாடல், இந்தக் கிரேடு, இத்தனை ஜூவல் என்று வரிவரியாகப் போகும். அருமையான ஆவணம். கையில் ஒரு மூவ்மென்ட் இருந்து அது எந்த மாடல் என்று தெரியவேண்டுமானால் இதற்கு நிகரில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி 'இது என்ன?' என்பதுதான், 'எத்தனை?' என்பதல்ல. அந்த வரிகளைக் கூட்டினால் கிடைப்பது ஒதுக்கப்பட்ட எண்களின் மொத்தம். ஆயிரம் எண் ஒதுக்கிவிட்டு முந்நூறோடு நிறுத்தியிருந்தாலும் புத்தகத்தில் அது ஆயிரம்தான். ஒதுக்கிய எண்கள் பல வருஷம் கழித்து முடிக்கப்பட்டதும் உண்டு. பிற்காலத் தொகுப்பாளர்கள் பலர் இதைக் கூட்டிப்போட்டு, 'மொத்த உற்பத்தி' என்ற தலைப்பில் கடைசி இலக்கம் வரை துல்லியமாக அச்சிட்டுவிட்டார்கள். 'சுமார்' என்ற சொல்கூடக் கிடையாது. எனக்கு உறுத்துவது அந்தத் துல்லியம்தான். வால்தமின் ஆவணங்கள் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே போய்ப் பேரேட்டைப் பார்த்துச் சொல்லப்பட்ட எண்ணும், சாம்பல் புத்தகத்தைக் கூட்டிச் சொல்லப்பட்ட எண்ணும் அச்சில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

ஹாமில்டன் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தேவலாம், அதுவும் பாதிதான். பழைய 992 கிரேடு மற்ற கிரேடுகளோடு ஒரே எண் வரிசையைப் பகிர்ந்துகொண்டது. பேரேடு இல்லாமல் பிரித்து எண்ண முடியாது. 1940-இல் வந்த 992பி-க்கு 'சி' என்ற எழுத்தோடு தனி வரிசை கொடுத்தார்கள். அது 1969 வரை ஓடி, சுமார் 5 லட்சத்து 29 ஆயிரத்தில் நிற்கிறது. உலகப்போர்க் காலத்தின் 24 மணி நேர டயல் கொண்ட 4992பி-க்கு '4சி' என்று இன்னொரு வரிசை. இங்கே கடைசி எண்ணை உற்பத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பேசலாம். இரண்டு 992-ஐயும் ஒரே பட்டியலில், ஒரே நம்பிக்கையோடு போடுவது மட்டும் நியாயமில்லை.

பேரேடு கிடைக்காத கம்பெனிகளுக்குப் புள்ளியியல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் ஜெர்மன் டாங்கிகளின் சீரியல் நம்பர்களை வைத்து உற்பத்தியைக் கணித்தது பிரபலம். 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்னது 1,550. சீரியல் நம்பர் கணக்கு 327. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342. அசத்தல்தான். ஆனால் அந்தக் கணக்கு நிற்பது இரண்டு அனுமானத்தின் மேல்: எண்கள் இடைவெளி இல்லாமல் போகின்றன, நம் கையில் சிக்குபவை தற்செயலாகச் சிக்குபவை. கடிகாரத்தில் இரண்டுமே உடைகிறது. தங்க விலை ஏறியபோதெல்லாம் தங்கக் கேஸை உருக்கியிருக்கிறார்கள், உள்ளே இருந்த மூவ்மென்ட் தனியாகக் கழன்று போயிருக்கிறது. இன்றைக்கு அரிதானது என்று பேர் வாங்கிய கடிகாரத்தைப் படம் பிடித்துப் போடுவார்கள். சாதாரண 17 ஜூவல் அலமாரியில் கிடக்கும். ஆக, படங்களை மட்டும் எண்ணினால் அரிதானது அதிகமாகவும் சாதாரணமானது குறைவாகவும் தெரியும்.

ஆனாலும் படங்களைச் சேர்ப்பது வீண் இல்லை. ஆயிரம் எண் கொண்ட ஒரு தொகுதியில் இதுவரை கண்ணில் பட்ட நாற்பது எண்களும் முதல் முந்நூறுக்குள்ளேயே இருந்தால், மீதி எழுநூறு செய்யப்படவே இல்லை என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. கூட்டல் கணக்கு இந்தச் சந்தேகத்துக்கு இடமே தராது. இந்த வேலைக்கு வேண்டியது மூவ்மென்டின் எண். கேஸின் எண் உதவாது. அன்றைக்குக் கேஸை பெரும்பாலும் வேறொரு கம்பெனி செய்தது; கடையில் வாங்குபவர் மூவ்மென்டையும் கேஸையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்வார். விற்பனை விளம்பரங்களில் கேஸ் எண்ணை வைத்து ஆண்டு சொல்வதை இன்றும் பார்க்கலாம்.

ஹாம்ப்டன் கதை இன்னும் வேடிக்கை. ஒஹாயோவின் கேன்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களையும் மிச்சமிருந்த பாகங்களையும் 1930-இல் சோவியத் அரசு வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. அங்கே செய்த முதல் கடிகாரங்களில் சிலவற்றுக்குள்ளே இருந்தவை அமெரிக்கப் பாகங்கள். கேன்டனில் பாதி செய்து மாஸ்கோவில் முடித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் பார்த்த பட்டியல்கள் கேன்டனோடு கோடு போட்டு முடித்துக்கொள்கின்றன.

கையேடுகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஏர்ஹார்ட், மெகர்ஸ் போன்றவர்கள் இணையம் இல்லாத காலத்தில் இவ்வளவைத் திரட்டியிருக்காவிட்டால் இன்று கேள்வி கேட்கவே ஆதாரம் இருந்திருக்காது. அடுத்த பதிப்பு போடுபவரிடம் நான் கேட்பது, 'மொத்தம்' என்ற ஒரு பத்தியை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றுதான்: ஒதுக்கிய எண்கள், பேரேட்டில் முடிந்ததாக இருப்பவை, நேரில் அல்லது படத்தில் பார்க்கப்பட்டவை. நடுப்பத்தி பல கிரேடுகளுக்குக் காலியாகத்தான் இருக்கும். காலியாகவே அச்சிடட்டும்.