மாஞ்சா ஆடும் ஆட்டம்: அகமதாபாத் மொட்டைமாடிகளிலிருந்து ஓர் அலசல்

அகமதாபாத்தில் ஜனவரி 14 அன்று, உத்தராயண நாளில், நடக்கும் காத்தாடிச் சண்டையைத் திருவிழாப் பக்கத்தில் போடுவதுதான் பத்திரிகை வழக்கம். வண்ணப் படம் ஒன்று, கீழே இரண்டு வரி, அவ்வளவுதான். இந்த வாரம் அதை விளையாட்டுப் பக்கத்துக்கு இழுத்து வந்திருக்கிறேன். நாம் பொங்கல் வைக்கிற நாளையொட்டி அந்த ஊர் மொட்டைமாடிகளில் நடப்பது அசல் போட்டி. எதிராளி உண்டு, உத்தி உண்டு, கருவியில் தரம் உண்டு, நேரத்துக்கு நேரம் குணம் மாறுகிற காற்று உண்டு. நடுவர் மட்டும் இல்லை. நூல் அறுந்தவன் அவுட், அப்பீல் கிடையாது.

காத்தாடிச் சண்டையை அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் அதன் உடம்பைக் கவனித்திருக்க மாட்டார்கள். அகமதாபாத் காத்தாடிக்கு வால் கிடையாது. மெல்லிய காகிதத்தில் ஒரு சாய்சதுரம், நடுவில் விறைப்பான ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வில்லாக வளைத்த இன்னொன்று. நூலைச் சுண்டி இழுத்தால் வில் பின்னுக்கு வளையும். உடனே காத்தாடி நிலைகொண்டு, மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பாயும். நூலைத் தளர்த்தினால் வில் நிமிர்ந்து தட்டையாகிவிடும். நிலை தவறி, நின்ற இடத்திலேயே சுழலும். காத்தாடியை ஓட்டுகிற வித்தை இவ்வளவுதான். சுழலவிட்டு, மூக்கு வேண்டிய திசைக்கு வந்த கணத்தில் இழுக்க வேண்டும். வலது போகவும் இடது போகவும் மேலிருந்து தலைகீழாகப் பாயவும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்கிற விரல்தான் கணக்கு. கணம் தப்பினால் இழுக்க இழுக்கத் தப்பான பக்கமே போகும். புதிதாக விடுகிறவர்களின் காத்தாடி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டுவதற்குக் காற்றைத் திட்டிப் பயனில்லை.

மோதலுக்கு அங்கே ‘பேச்’ என்று பெயர். இரண்டு நூல் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்ததும் ஆட்டம் ஆரம்பம். உத்திகள் இரண்டுதான். ஒன்று ‘டீல்’, வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலைத் தடையில்லாமல் விட்டுக்கொண்டே போவது. இன்னொன்று ‘கேஞ்ச்’, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வெறிபிடித்தாற்போல் இழுப்பது. பார்க்க நேரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஓடுகிற நூல் அறுக்கும், நிற்கிற நூல் அறுபடும். என் நூல் ஓடிக்கொண்டிருந்தால் உரசுகிற இடம் எனக்கு மாறிக்கொண்டே இருக்கும். எதிராளியின் நூலிலோ ஒரே புள்ளியில் ரம்பம் விழுந்துகொண்டிருக்கும். அரை விநாடி கை தயங்கினால் கதை தலைகீழாகிவிடும்.

இழுப்பவர் பெரும்பாலும் எதிராளி நூலுக்குக் கீழே போய் மேல்நோக்கி வெட்டப் பார்ப்பார். அந்தச் சண்டை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டீல் விடுகிறவர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார். இருவருமே டீல் ஆட்டக்காரர்களாக அமைந்துவிட்டால் இரண்டு காத்தாடியும் பொட்டாகச் சிறுத்து அடிவானம் நோக்கிப் போகும்; எவர் உருளையில் நூல் அதிகம், எவர் நூலில் முடிச்சு இல்லை என்பதுதான் அப்போது கேள்வி. என் ஓட்டு டீல் ஆட்டத்துக்கே. இழுவையில் தோள்வலு தெரியும். டீலில்தான் பொறுமை, காற்றுக்கணக்கு, நூலின் தரம் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும்.

இந்த ஆட்டத்தில் யாரும் பேசாத ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். நூல் உருளையை, அவர்கள் மொழியில் ‘ஃபிர்க்கி’யை, பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவர். பொதுவாகத் தம்பியோ மனைவியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ. டீல் போகும்போது உருளை விரலிடுக்கில் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் நூல் பொலபொலவென்று கொட்டிச் சிக்காகிவிடவும் கூடாது. இழுவையின்போது காலடியில் குவிகிற நூலை யாரும் மிதிக்காமல் பார்த்து, சண்டை முடிந்த கையோடு சுற்றி எடுக்க வேண்டும். தோற்ற பேச்களில் பாதி இங்கேதான் தோற்கின்றன என்பது என் கணிப்பு. ஆனால் அறுத்ததும் மாடி முழுக்க ‘காய்ப்போ சே!’ என்று கத்துவது நூல் பிடித்தவருக்காக, ‘லப்பேட்!’ என்று எதிர்மாடி எக்காளமிட்டால் மிச்ச நூலைச் சுற்ற வேண்டியவர் உருளைக்காரர்.

ஆடுகளத்துக்கு வருவோம். 2017-இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமான பழைய அகமதாபாத்தில் ‘போள்’ எனப்படும் குறுகிய சந்துகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. காடியா, ராய்ப்பூர், ஜமால்பூர் பக்கம் சில இடங்களில் ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குக் கால் எட்டிவிடும். எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி ஆடக் கிடைப்பது இங்கேதான். உயரமான அடுக்குமாடிகளில் காற்று நன்றாகவே வரும், ஆனால் சண்டை எவரோடு என்றே தெரியாது. போள் வீட்டுக்காரர்கள் ஜனவரி 14, 15 இரண்டு நாளும் மொட்டைமாடியை வாடகைக்கு விடுவதும், வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து எடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

எந்த மாடி என்பதிலேயே பாதி வியூகம் அடங்கிவிடும். தையில் அங்கே காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வருகிறது. காற்று வருகிற பக்கத்து மாடிக்காரருக்குத் தேர்வு அதிகம். தன் காத்தாடியைப் பின்மாடிக்காரர் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, எவரோடு மோதுவது என்று பொறுக்கி எடுக்கலாம். பின்மாடிக்கும் லாபம் இருக்கிறது. அறுந்ததெல்லாம் அங்கேதான் வந்து விழும். நீளக் கம்பின் நுனியில் முள் கட்டிக்கொண்டு பையன்கள் காத்திருப்பது அந்தப் பக்கம்தான். காசு கொடுத்து ஒரு காத்தாடிகூட வாங்காமல் நாள் முழுக்க விளையாடிவிட்டுப் போகிற கில்லாடிகள் அவர்கள்.

சபர்மதி ஆற்றங்கரையில் அரசு நடத்தும் சர்வதேசக் காத்தாடி விழா 1989-இலிருந்து நடக்கிறது. பல நாட்டுக்காரர்கள் வருவார்கள். திமிங்கிலம், ஆக்டோபஸ் என்று காற்றடைத்த பிரமாண்டங்கள் மேலே மிதக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், போய்ப் பார்க்கலாம். ஆனால் அது காட்சி ஆட்டம். அங்கே எந்த நூலும் எந்த நூலையும் அறுப்பதில்லை.

கருவி செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆட்டத்தை அலச முடியாது. உத்தராயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே ராய்ப்பூர் தர்வாஜா பக்கம் நடைபாதை ஓரமாக இரண்டு வரிசைக் கம்பங்கள் நட்டு, பருத்தி நூலைப் பல இழையாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். சோற்றுப் பசை, சாயம், மாவாகப் பொடித்த கண்ணாடி மூன்றையும் பிசைந்த உருண்டை ஒன்று கையில். அந்த உருண்டைக்குள் நூல்கள் புதைந்து போகும்படி பிடித்துக்கொண்டு ஒருவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கிறார். விரல்களில் துணிக்கிழிசல் சுற்றியிருக்கிறது. சுற்றியும் கோடு கோடாக வெட்டு. அடர்ந்த ரோஜா நிறம் முழங்கை வரை ஏறியிருக்கிறது. ஒரு தடவை பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, அதிகப்படியை வழித்துவிட்டு, அப்புறம்தான் மாஞ்சாவாக உருளையில் ஏற்றுவார்கள். பசை கூடினால் நூல் கம்பிபோல் விறைத்து முறியும், குறைந்தால் கண்ணாடி உதிர்ந்துவிடும். எவ்வளவு என்பதற்கு அளவுப் பாத்திரம் எதுவும் இல்லை. அந்த நடையின் வேகமும் விரலின் அழுத்தமும்தான் அளவு. உத்தரப் பிரதேசத்திலிருந்து இந்தப் பருவத்துக்கென்றே வந்து இந்த வேலை செய்கிறவர்கள் நிறைய. சூரத் மாஞ்சாவுக்கும் பரேலி மாஞ்சாவுக்கும் தனித்தனி ரசிகர்கள் உண்டு. ஆறு இழையா ஒன்பது இழையா பன்னிரண்டு இழையா என்ற வாக்குவாதம் டீக்கடையில் நடப்பது நம்மூரில் மட்டை எடை பற்றிய வாக்குவாதத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

காத்தாடி செய்வது ஜமால்பூர் போன்ற பகுதிகளில் வீட்டுத் தொழில். செய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெண்கள். ஒருவர் காகிதம் வெட்ட, ஒருவர் நடுக்குச்சி ஒட்ட, ஒருவர் வில்லை வளைத்துப் பதிக்க, இன்னொருவர் ஓரத்தில் நூல் வைத்து மடிக்க, ஒரு காத்தாடி பல கை மாறித்தான் கடைக்குப் போகிறது. வருஷம் முழுக்கச் செய்வது இரண்டு நாளில் அறுந்து பறக்கும். இந்துப் பண்டிகைக்கு முஸ்லிம் கை என்று நெகிழ்ந்து எழுதுவது இந்த ஊரைப் பற்றிய கட்டுரைகளில் சம்பிரதாயமாகிவிட்டது. எனக்குத் தோன்றுவது வேறு: பெயர் போட்டு விற்கிற நூல் வியாபாரிகள் உண்டு, வில் வளைத்த பெண்ணின் பெயர் மட்டும் எந்தக் காத்தாடியிலும் இருப்பதில்லை. மட்டை செய்தவனுக்குக்கூட ஸ்டிக்கர் இருக்கிற காலம் இது.

வாங்கி வந்த காத்தாடி அப்படியே பறக்காது. சூத்திரம் போட வேண்டும். குச்சிகள் கூடுகிற இடத்தில் ஒரு ஜோடி ஓட்டை, நடுக்குச்சியில் கீழே தள்ளி ஒரு ஜோடி. இரண்டையும் இணைத்து நூல் கட்டி, முடிச்சை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதில்தான் ஆட்டக்காரரின் கைவரிசை. மேல் கால் ஒரு நூல் குறைந்தால் காத்தாடி முகம் தாழ்த்தி விறுவிறுவென்று ஏறும். கீழ் கால் குறைந்தால் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை வாங்கிச் சுழலத் தொடங்கும். இழுவைக்காரரும் டீல்காரரும் ஒரே கடையில் ஒரே காத்தாடி வாங்கினாலும் முடிச்சு ஒரே இடத்தில் விழாது. ஒரு பக்கம் சாய்கிறதா? எதிர்ப்பக்க வில்நுனியில் காகிதத் துணுக்கை முறுக்கிக் கட்டு. குச்சி விறைப்பாக இருக்கிறதா? தலைமேல் வைத்து மெல்ல வளை. முதல் நாள் ராத்திரி வீட்டுக்கு வீடு இதுதான் வேலை.

இப்போது கசப்பான பகுதி. ‘சீன மாஞ்சா’ என்று பெயர் வாங்கிய நைலான் நூல், ஆட்டத்துக்கு வந்த ஊக்கமருந்து. இழுத்தால் நீளும், லேசில் அறாது. எதிரே பருத்தி நூலோடு நிற்பவரின் விரல்வித்தை, காற்றுக்கணக்கு எதற்கும் மதிப்பில்லாமல் செய்துவிடும். இருசக்கர வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்துக் கொன்றும் இருக்கிறது. அதற்கு அஞ்சியே அந்த ஊரில் ஜனவரி பிறந்ததும் கைப்பிடியில் வளைந்த கம்பி பொருத்திக்கொள்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நைலான், செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது, நூல் கள்ளச் சந்தையில் இருக்கிறது. அதற்காகப் பருத்தி மாஞ்சா பரம சாது என்று வாதாடவும் நான் தயாரில்லை. கண்ணாடி கண்ணாடிதான். சென்னையில் கழுத்தறுந்து உயிர் போன சம்பவங்களுக்குப் பிறகு மாஞ்சாவைப் போலீஸ் தடை செய்ததை எந்த விளையாட்டு ரசிகனும் குறை சொல்ல முடியாது. வாகனம் பறக்கிற சாலைக்கு மேலே ஆடுகிற ஆட்டமல்ல இது.

பறவைகளின் கணக்கு தனி. குஜராத் அரசு ‘கருணா அபியான்’ என்ற பெயரில் ஒவ்வொரு ஜனவரியிலும் அடிபட்ட பறவைகளை மீட்கும் பணியை நடத்துகிறது. புறாவும் பருந்தும் அரிவாள்மூக்கனும் இறக்கை அறுந்து வந்து சேர்கின்றன. கூட்டை விட்டுக் கிளம்புகிற விடியலிலும் திரும்புகிற அந்தியிலும் காத்தாடி விடாதீர்கள் என்பதே மீட்புப் பணியினரின் முக்கிய வேண்டுகோள். ஆட்டத்தின் கோணத்தில் பார்த்தாலும் அது இழப்பே அல்ல. விடியலில் காற்று எழுந்திருக்காது, அந்தியில் படுத்துவிடும். நல்ல பேச் எல்லாம் நடக்கிற நேரம் ஒன்பதரை மணியிலிருந்து நாலரை வரை. ஆட்ட நேரத்தை அதற்குள் கட்டினால் ஆட்டக்காரர் இழக்கப்போவது ஒன்றுமில்லை. இருட்டியதும் நூலில் வரிசையாகக் காகித விளக்குகளைக் கட்டி ஏற்றுகிற ‘துக்கல்’ வழக்கம் பார்க்க அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மெழுகுவத்தியை ஊருக்கு மேலே அனுப்புவது வேறு தலைவலி.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை. 12-ஆம் தேதியே போய்விடுங்கள். நள்ளிரவு வரை விழித்திருக்கும் கடைவீதியில் காத்தாடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுக்குச்சியில் கணு துருத்தக் கூடாது. வில்லின் இரண்டு பக்கமும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். மாடியில் உந்தியுவும் ஜிலேபியும் தருவார்கள், எள் சிக்கியும் தருவார்கள். சிக்கி தின்ற கையோடு உருளையைத் தொட்டால் வீட்டுக்காரர் முகம் மாறும். 14-ஆம் தேதி கூட்டமும் ஒலிபெருக்கியும் காதைப் பிளக்கும். வானத்தில் எது எவருடையது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆட்டம் பார்க்க நான் தேர்ந்தெடுப்பது 15-ஆம் தேதி, ‘வாசி உத்தராயண்’ என்கிற மறுநாள். பொழுதுபோக்க வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் முந்தின நாள் யாரிடம் தோற்றோம் என்று ஞாபகம் வைத்திருப்பவர்கள். பதினொரு மணிவாக்கில் ஒரு மாடியைத் தேர்ந்துகொண்டு, மேலே பார்ப்பதை விட்டுவிட்டு, உருளை பிடித்திருப்பவரின் கையைக் கவனியுங்கள். பேச் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வானத்தில் தெரிவதற்கு முன்னால் அங்கே தெரிந்துவிடும்.