எங்கிட்டுப் போனாளோ

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது. அப்போது எனக்கு முப்பது வயது. ஆறாவதுக்கு 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' என்று பெயர் வைத்தாயிற்று, புத்தகம்தான் வரவில்லை. எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஐந்தாம் நாவலின் முடிவில் டெனேரிஸ் பரந்த புல்வெளியில், பசியும் நோயுமாகத் தன் டிராகனோடு நிற்கிறாள். குதிரைவீரர்கள் அவளைக் கண்டுவிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறாள்.

தொலைக்காட்சித் தொடர் காத்திருக்கவில்லை. 2019இல் அவளை நகரத்தையே எரித்தவளாக்கி, காதலன் ஜான் ஸ்னோவின் கையாலேயே கொன்று முடித்தது. அரியணை கேட்கும் பெண் பித்துப்பிடித்துத்தான் ஆகவேண்டும் என்பது பழைய கதைவிதி. "அதான் தொடர் முடிஞ்சிருச்சே மேடம், இன்னும் எதுக்குப் புத்தகம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. சோழவந்தானில் வாழ்ந்த என் அம்மாச்சி நினைவுக்கு வந்தார்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்தில் அவர் இளம்பெண். தெருவில் நாலு வீடு சுற்றிவிட்டுத்தான் இதழ் அவரிடம் வரும். தொடர்ப் பக்கங்களைப் பிரித்துத் தைத்து வைத்திருந்தார். ஐந்து பாகமும் முடிந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் என்னிடம் கேட்பார்: "நந்தினி நம்ம பக்கத்துக்காரிடி. எங்கிட்டுப் போனாளோ?"

தஞ்சைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது சோழர் கதை. வைகைக்கரையில் உட்கார்ந்து படித்தவருக்கு, தோற்ற பாண்டியர் பக்கம் நின்றவளின் கதை. உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சொல்லும் பெயர்களில் ரவிதாசன் உண்டு, நந்தினி இல்லை. அவள் முழுக்கவும் கல்கியின் கற்பனை. அருள்மொழியின் எதிர்காலத்தை வரலாறு முன்பே எழுதிவிட்டது. நந்தினிக்கு அந்தக் கட்டு கிடையாது. எந்த வாழ்வையும் அவளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் கடம்பூர் மாளிகைக் கொலைக்குப் பிறகு நாவல் அவளை மெல்ல வெளியே அனுப்பிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் காதலித்த குற்றத்துக்காக மணிமேகலையைச் சாகடிக்கிறது. கதை முடியவில்லையே என்று வாசகர்கள் கேட்டபோது கல்கி முடிவுரை எழுதினார். அதில் கிடைப்பது பிற்காலத்தின் சுருக்கம் மட்டுமே. நந்தினியின் குரல் அல்ல. மணிரத்னத்தின் இரண்டாம் படமோ (2023) அவளை நீருக்குள் நடக்கவைத்துக் கணக்கை முடித்தது.

இலக்கணம் எனக்குக் கற்றுத்தந்த காத்திருப்பு ஒன்று உண்டு. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் 'இருத்தல்'. கார்காலத்தில் வந்துவிடுகிறேன் என்று போருக்குப் போனவனுக்காகத் தலைவி ஆற்றியிருப்பாள். அந்தப் பொறுமையைக் கற்பு என்று புகழ்ந்தே நம்மை வளர்த்தார்கள். அம்மாச்சியும் நானும் இருந்த இருத்தல் வேறு. நாங்கள் காத்திருந்தது ஒரு பெண்ணுக்காக. அவளுக்கு இன்னும் நியாயமான ஒரு பக்கம் எழுதப்படக்கூடும் என்ற பிடிவாதம் அது.

அதற்காக, முடியாத கதைதான் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். புல்வெளியில் நிறுத்திவைப்பதும் ஒரு தண்டனைதான். மார்ட்டின் எழுதவேண்டும். அவரும் டெனேரிஸைக் கொல்லலாம்; ஆனால் அவளுடைய சினத்துக்கும் துக்கத்துக்கும் உரிய பக்கங்களைக் கொடுத்த பிறகு கொல்லட்டும்.

அந்த மாணவிக்குப் பதிலாக வகுப்புக்கே ஒரு பயிற்சி கொடுத்தேன்: கதையை விட்டு வெளியேறிய நந்தினியை ஒரு பக்கம் எழுதுங்கள். முப்பத்தொரு தாள்கள் வந்தன. ஒன்றில் அவள் மதுரைக்கு வந்து தறி போட்டிருந்தாள். இன்னொன்றில் தன் தாயைத் தேடிக் கடல் கடந்தாள். யாரும் அவளைச் சாகடித்திருக்கவில்லை. புத்தகம் எதற்கு என்று கேட்டவளின் தாள் மட்டும் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. பதினொரு பக்கம் எழுதி, கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தாள்.