கித்தேரியம்மாள் வரலாற்றில் ஒரு செவிலித்தாய்

வீரமாமுனிவர் என்றதும் நம் நினைவில் எழுவது தேம்பாவணி. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் போந்து, 1747இல் மறைந்த அப்பெரியார், எளிய மக்களுக்கெனக் கித்தேரியம்மாள் அம்மானை என்னும் நூலையும் யாத்தார். கத்தோலிக்கர் போற்றும் போர்ச்சுகல் நாட்டுப் புனிதை ஒருவரின் வரலாறு அது. நம் கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் போல, ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்டற்குரிய வடிவம் அம்மானை.

அப்புனிதையைக் குறித்து வழங்கும் மரபுக்கதை இது: ஆட்சியாளன் ஒருவனின் மனைவி ஒரே சூலில் ஒன்பது பெண்மக்களை ஈன்றாள். அதனை இழிவெனக் கருதி, குழந்தைகளை ஆற்றில் அமிழ்த்துமாறு செவிலிக்கு ஆணையிட்டாள். செவிலியோ அவர்களை மறைவாய்க் கொண்டு சென்று வாழ வைத்தாள். வளர்ந்த மக்கள் கிறிஸ்தவ நெறியில் நின்று, தந்தை வற்புறுத்திய திருமணத்தை மறுத்தனர். கித்தேரியம்மாள் வாளுக்கு இரையானார்.

இக்கதையை மெய்வரலாறாகக் கொள்ள ஆய்வாளர் தயங்குவர். உறவுகளை அது அமைத்துள்ள முறையே நாம் நோக்கத்தக்கது.

புனிதையர் கதைகள் பெரும்பாலும் இறுதிக் காட்சியை நோக்கியே விரைகின்றன. கேட்போர் நெஞ்சில் நிற்பதும் ஓங்கிய வாளே. தாயைக் கொடியவளாக்கிய மரபு, அவளை ஆட்டிய அச்சம் யாதென வினவவில்லை. ஆணைக்கு அடங்க வேண்டிய பணிப்பெண் ஒருத்தி அறத்திற்கு அஞ்சி மறுத்தாளே, அவளன்றோ கதையின் உயிர்நாடி! அவளின்றேல் புனிதையும் இல்லை. அவளுக்குரிய சிறப்பை மரபு அளிக்காதது பெருங்குறையென்றே நாம் கருதுகிறோம்.

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றை இங்கு ஒப்பு நோக்கலாம். ஆற்றில் விட்ட அன்னை, பின்தொடர்ந்து கண்காணித்த தமக்கை, ஃபிர்அவ்னின் மாளிகையிலேயே குழந்தைக்குப் புகலளித்த ஆசியா அம்மையார் என, காத்த பெண்டிர் அனைவரும் அங்கு நினைவுகூரப்படுகின்றனர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நம் மூக்கண்டப்பள்ளி அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை தருமபுரியின் பகுதியாக இருந்தது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் பெண் சிசுக்கொலை மலிந்திருந்தமையாலேயே 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றுப் பின்னர் தருமபுரிக்கும் விரிந்தது. அவ்வீடுகளிலும் பாட்டியோ மருத்துவச்சியோ அருகிருந்திருப்பர். மறுத்துரைக்க ஒரு நா எழுந்திருப்பின் ஓருயிர் பிழைத்திருக்கும்.

உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவு வினவப்படும் நாளைத் திருக்குர்ஆனின் 81ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அதனை ஓதும் நம் இல்லங்களிலும், மஹர் கொடுக்க வேண்டியவர் கைக்கூலி கேட்பதும், மூன்றாவதும் பெண்ணெனில் முகம் வாடுவதும் அற்றுப்போகவில்லை. சிசுவைக் கொல்லச் செய்த அச்சத்திற்கும் இவ்வாட்டத்திற்கும் வேர் ஒன்றே. கித்தேரியம்மாள் கதையைப் படிக்கும் நம் பெண்மக்கள் அச்செவிலியைப் போற்றக் கற்கட்டும். ஆண்மக்களோ அவள் காத்த உயிர்களுக்கு விலை கேளாதிருக்கக் கற்கட்டும்.