இசைத்தட்டில் இடம்பெறாத பெயர்கள்

கச்சேரி விளம்பரத்தில் பாடகர் பெயருக்குக் கீழே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று அச்சிடுவது தமிழர் வழக்கம். பக்கவாத்தியமின்றிப் பாட்டு நிறைவுறாது என்னும் உண்மையை அவ்விரு வரிகள் ஒப்புக்கொள்கின்றன. மேனாட்டு இசைத்தட்டு உலகம் இந்த நேர்மையை நெடுங்காலம் மேற்கொள்ளவில்லை. அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரில் தோன்றிய மோட்டவுன் நிறுவனம் இதற்குத் தக்க சான்று.

1959இல் இதனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, முன்னர் மோட்டார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வண்டி பல கைகள் மாறி முழுமை பெறுவதுபோலப் பாட்டும் உருவாக வேண்டும் என்று கருதினார். இயற்றுவோர், தயாரிப்பாளர், பாடகர், வாத்தியக்காரர் என வேலை பகுக்கப்பட்டது. எந்தப் பதிவு வெளிவரத்தக்கது என்பதை வாராந்தரக் கூட்டம் முடிவு செய்தது.

கித்தார்ப் பகுதியை ராபர்ட் ஒயிட், எட்டி வில்லிஸ், ஜோ மெசினா ஆகிய மூவர் தாங்கினர். மெசினா முரசின் இரண்டாம், நான்காம் அடிகளோடு இயைந்து வாசிப்பார்; ஒயிட் சுரக்கூட்டுகளை நிரப்புவார்; வில்லிஸ் இடைவெளிகளில் சிறு அணிகளைச் சேர்ப்பார். மூன்று கித்தார்கள் ஒலித்தும் நெரிசல் இல்லை. ஒருவர்க்கொருவர் வழிவிடும் அடக்கமே அவர்களுடைய கலை.

1964இன் இறுதியில் டெம்டேஷன்ஸ் குழுவினர் பாடி வெளிவந்த 'மை கேர்ல்' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கித்தார் தொடங்க, அதன்மேல் ஒயிட்டின் கித்தார் ஆறு சுரங்களில் ஏறிச் செல்கிறது. ச ரி க ப த ச என்னும் அவ்வேற்றம் நம் மோகன ராகத்தின் ஆரோகணமே. குரல் எழுமுன்பே கேட்போர் பாட்டை அறிந்துகொள்கின்றனர். ஆயினும் இயற்றியோர், தயாரித்தோர் என்னும் பெருமை ஸ்மோக்கி ராபின்சனுக்கும் அவருடைய குழுத் தோழருக்குமே உரியதாயிற்று. ஒயிட்டுக்குக் கிடைத்தது கூலி.

தயாரிப்பாளர் பங்கு சிறிதென்று கூறுவதற்கில்லை. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது, எங்கே நிறுத்துவது என்று துணிவதும் படைப்பே. அத்துணிவு இல்லையேல் நல்ல வாசிப்பும் சிதறிப்போகும். ஆனால் தொழிற்சாலை உவமை ஓரிடத்தில் பிழைபடுகிறது. திருகாணி முடுக்கும் கையை மாற்றினாலும் வண்டி அதே வண்டிதான்; ஒயிட்டின் கையை மாற்றினால் அது அதே பாட்டாக இராது. மாற்றவியலாத ஒருவரை மாற்றத்தக்கவராக எண்ணியதே அந்நிறுவனத்தின் குறை.

1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பின் உறையில் வாத்தியக்காரர் பெயர்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்தது, குழு சிதறியது. அவர்களுடைய கதையை உலகறியச் செய்த ஆவணப்படம் 2002இல் வந்தது. ஒயிட் 1994இலேயே மறைந்துவிட்டார்.

காலந்தாழ்ந்த புகழ் உரியவருக்குப் பயன்படுவதில்லை. இன்று பாட்டை ஆராய்வோர், பாடியவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், வாசித்தவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்வி எழாத திறனாய்வு பாதிச் செவியால் கேட்ட திறனாய்வே ஆகும்.