கடைசித் திருமால் துலங்குகிறாரா?

நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே இருக்கிறது சமணர் குடகு. அந்தக் குடைவரைக்குள் ஆளுயரத் திருமால் சிற்பங்கள் 12, ஏறக்குறைய ஒரே சாயலில், சுவரை ஒட்டி நிற்கின்றன. ஓர் ஓரத்தில் நின்று சாய்வாக எடுக்கும்போது, பக்கத்துத் திருமுகத்திலிருந்து தொலைவில் இருப்பதுவரை எவ்வளவு ஷார்ப்பாக வரும் என்பதுதான் படத்தின் தலையெழுத்து. டெப்த் ஆஃப் ஃபீல்ட் படிக்க இதைவிட நல்ல வகுப்பறை புதுக்கோட்டை மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. மிரர்லெஸ் கேமராவின் முன்னோட்டத்தை நான் முழுசாக நம்பியதும், அதன்மேல் சந்தேகம் வந்ததும் இங்கேதான்.

பழைய எஸ்.எல்.ஆரில் முன்னோட்டப் பொத்தானை அழுத்தினால் லென்ஸின் துளை சுருங்கும். கூடவே காட்சியும் இருண்டுபோகும். எஃப் 11 வைத்து இந்தக் குகைக்குள் கண்ணை வைத்தால் இருட்டுதான். இன்னொரு குறையும் உண்டு. வெளிச்சமாகத் தெரிவதற்காகவே செய்த ஃபோகஸிங் ஸ்கிரீன்கள், எஃப் 1.4 லென்ஸைப் போட்டாலும் ஏறக்குறைய எஃப் 2.8-க்கு உரிய மங்கலைத்தான் காட்டின. மிரர்லெஸ் இரண்டையும் தீர்த்துவிட்டது. சென்சார் வாங்குகிற காட்சியே கண்ணுக்கு வருகிறது. துளை சுருங்கியதால் குறைந்த ஒளியைக் கேமரா தூக்கிக் காட்டுகிறது. பின்னால் இருக்கும் சிற்பம் இன்னதென்று தெரிகிற அளவுக்கு அவுட் ஆகிறதா, அடையாளமே கரைந்துவிடுகிறதா என்பதைப் படமெடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். கட்டம் அமைப்பவருக்கு இது பெரிய வரம். இதற்காகவே நான் பழைய கேமராவுக்குத் திரும்ப மாட்டேன்.

ஆனால் ‘நான் பார்ப்பதுதான் படம்’ என்ற நம்பிக்கை எல்லாக் கேமராவிலும் ஒன்றுபோல் செல்லாது. சோனியில் பெரும்பாலும் நாம் வைத்த துளையிலேயே காட்சி ஓடும். நிக்கான் இசட் வரிசை எஃப் 5.6 வரைதான் துளையைச் சுருக்கிக் காட்டும். நீங்கள் எஃப் 11 வைத்திருந்தாலும் பொத்தானை அழுத்தாதவரை எஃப் 5.6-இன் காட்சியே. கேனான், வழக்கமான அமைப்பில், லென்ஸை முழுதாகத் திறந்தே வைத்திருக்கும். திரை வெளிச்சத்தை மட்டும் சரியாகக் காட்டுவதால், ஆழத்தையும் காட்டுகிறது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது திரையின் அளவு. 23.6 லட்சம் புள்ளி கொண்ட வியூஃபைண்டர் என்றால் பெரிதாகத் தோன்றும். நிறத்துக்கு ஒன்றாக மூன்று புள்ளி சேர்ந்தால்தான் ஒரு பிக்சல். ஆகவே அது 1024-க்கு 768. படமோ 24 மெகாபிக்சலில் 6000-க்கு 4000. படத்தின் ஆறு பிக்சல் அகலம் திரையில் ஒன்றாகச் சுருங்குகிறது. சுருங்கிய படத்தில் லேசான மங்கலும் கூர்மையாகத்தான் தெரியும். அன்று ஃபுல் ஃபிரேமில், 50 மி.மீ. லென்ஸில், எஃப் 8-இல், 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தேன். திரையில் கடைசித் திருமால்வரை துலங்கினார். வீட்டுக்கு வந்து பெரிய அச்சுப் போட்டபோது நாலாவது உருவத்திலேயே உளி வேலை கரைந்திருந்தது. வழக்கமான அட்டவணை 2.3 முதல் 4.2 மீட்டர்வரை ஷார்ப் என்கிறது, அது 0.03 மி.மீ. மங்கலை அனுமதிக்கும் கணக்கு, கையில் பிடித்துப் பார்க்கும் சிறிய அச்சுக்கு. சுவரில் மாட்டும் அச்சுக்கு அனுமதியைப் பாதியாக்கினால் 2.6 முதல் 3.5 மீட்டர்தான் மிஞ்சும். அட்டவணையில் தப்பில்லை, எந்த அளவு அச்சு என்று நான்தான் கேட்கவில்லை. திரை அந்தக் கேள்வியை எழுப்பவே விடாது.

ஃபோகஸ் பீக்கிங் உதவும் என்பார்கள். ஓரங்களில் நிறம் பூசிக்காட்டும் அந்த வசதி கருங்கல்லில் ஊரெல்லாம் மின்னும். சித்தன்னவாசலின் மங்கிய தாமரைக்குளத்தைப் போன்ற ஓவியத்திலோ தயங்கும். அது அளப்பது ஓரத்தின் வேறுபாட்டை, ஆழத்தை அல்ல.

வாடிவாசலில் கதை தலைகீழ். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் 200 மி.மீ. லென்ஸோடு 20 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு எஃப் 2.8-இல் கிடைப்பது சுமார் 1.7 மீட்டர் ஆழம். நேராக நம்மை நோக்கி வரும் காளையின் கொம்பும் திமிலைப் பிடித்துத் தொங்குபவரின் முகமும் அதற்குள் அடங்கும், பின்னங்கால் அடங்காமல் போகலாம். அங்கே முன்னோட்டம் பார்க்க யாருக்கு நேரம்? துளையைச் சுருக்கியே வைத்திருக்கும் கேமரா ஃபோகஸ் பிடிக்கவும் திணறும். குகைக்குள் நான் குறை சொன்ன கேனானின் பழக்கம், லென்ஸை அகலத் திறந்து வைப்பது, இங்கே காளையைத் தவறவிடாமல் பிடித்துத்தரும்.

இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் தூர அளவுகோல் இல்லாமல் போனது, திரையோடு கணக்கையும் பார்க்கும் பழக்கத்தை இன்னும் கெடுத்துவிட்டது. வளையத்தில் கோடு பார்த்து ஆழத்தைக் கையால் கற்ற தலைமுறை திரையை ஒரு கண்ணால் நம்பி, கணக்கை மறு கண்ணில் வைத்திருந்தது. அந்தக் கோடுகளைக் கேமரா நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாம் முறை குடகுக்குப் போனபோது முன்னோட்டத்தை வைத்துக் கட்டத்தை மட்டும் முடிவு செய்தேன். எஃப் 11-க்கு இறங்கி, ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றி, ஃபோகஸை ஓர் உருவம் பின்னால் தள்ளி, எடுத்த படத்தை அங்கேயே முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசித் திருமால் துலங்கவில்லை. இரண்டு படமாக, ஃபோகஸை மாற்றி எடுத்துச் சேர்த்தபோதுதான் அவர் கைச் சங்கின் விளிம்பு கல்லிலிருந்து பிரிந்து நின்றது.